அந்த அறைக்குள் உங்கள் அம்மா என்ன சொன்னாள்

அமுதா, போன ஞாயிற்றுக்கிழமை செவ்வாப்பேட்டையிலிருந்து வந்த நீ, அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொன்னாய். "அம்மா குடுத்தது வேலை செய்யாம போனா இன்னாப்பா, என்னுது கீது. நான் குடுக்கறேன்." உன் தம்பி பாபு சட்டென்று டிவியை அணைத்தான். நான் எழுந்து போய் மாத்திரை டப்பாவைத் தேடினேன். டப்பா என் கையிலேயேதான் இருந்தது.

உனக்கு என் பதில் இதுதான். வாயால் சொல்லப் போனால் பாதியிலேயே அழுதுவிடுவேன். நீங்களும் அழுவீர்கள். விஷயம் அப்படியே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். பத்தாவது பெயிலானவன் எழுத்து. தப்பு இருந்தால் பாபு திருத்திக்கொள்ளட்டும். ஆனால் இரண்டு பேரும் கடைசிவரை படிக்க வேண்டும்.

பதினான்கு வருஷமாக உங்கள் அம்மாவின் சிறுநீரகம் என் அடிவயிற்றில் வலது பக்கம் இருந்து வேலை செய்கிறது. இப்போது அது களைத்துப்போகத் தொடங்கியிருக்கிறது. "இன்னிக்கே ஒண்ணும் ஆயிடாது. ஆனா அடுத்து என்னன்னு இப்பவே யோசிச்சு வையுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுத்தான் நீ அப்படிச் சொன்னாய். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சிறுநீரகம் ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்கு எப்படி வருகிறது என்பது உனக்குத் தெரியாது. உனக்கு அப்போது பதினைந்து வயது. உன்னிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் நான் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. முதல் ஆறு மாதம் கரி அள்ளினேன். அடுத்த ஒரு வருஷம் ஆறிப்போன கம்பிகளை அடுக்கினேன். அதன் பிறகு கையில் குறடு கொடுத்தார்கள். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

குறடு பிடிக்கிறவன் வேலை இதுதான். உலையில் பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டை, இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுங்கி இந்தப் பக்கம் பாய்ந்து வரும். அதன் நுனியைக் குறடால் பிடித்து, இடுப்பைத் திருப்பி, பக்கத்து இடுக்கில் செருக வேண்டும். அது நுழைந்து போவதற்குள் அடுத்தது வந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை மாற்று ஆள் வர வேண்டும். ஆள் குறைந்த நாளில் வர மாட்டான். குறடு பிடித்தவன் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று நகர முடியாது. நகர்ந்தால் கட்டை தறிகெட்டு ஓடி, யாருடைய காலையாவது சுட்டுவிடும். அதனால் நாங்கள் எல்லோரும் ஒரு வழக்கத்துக்கு வந்திருந்தோம். ஷிப்டுக்கு முன்னால் தண்ணீர் குடிக்க மாட்டோம். நடுவிலும் வாயை நனைப்பதோடு சரி. எங்கள் பக்கத்தில் பானை பானையாகத் தண்ணீர் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே வேர்த்துக் கொட்டுவோம்.

எங்கள் போர்மேன் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மில் இரைச்சலில் அவர் ஒருநாளும் கத்தியதில்லை. இரண்டு விரலைத் தூக்கினால் மெதுவாக விடு என்று அர்த்தம். உள்ளங்கையை மூடினால் நிறுத்து. ஷிப்டு தொடங்கும்போது வாசலில் நின்று ஒவ்வொருவன் முகத்தையும் பார்ப்பார்.

"எக்கட நொப்பி?" என்பார். எங்கே வலி என்று கேட்கிறார். அந்தத் தெலுங்கு மட்டும் எல்லோருக்கும் புரியும்.

"இடுப்பு, நைனா."

சட்டைப் பையிலிருந்து ஒரு வலி மாத்திரையைக் கிள்ளி உள்ளங்கையில் வைப்பார். தோளும் சேர்ந்து வலித்தால் இரண்டு. கோயிலில் துளசி வாங்குகிற மாதிரி வரிசையாக வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே போவோம். அவரும் போட்டுக்கொள்வார். கம்பெனி கொடுக்கச் சொன்னதில்லை. பையன்கள் வலியோடு நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அவரே வாங்கி வந்து கொடுத்தார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அவர் ஓய்வு பெற்றதும் போர்மேன் வேலை எனக்கு வந்தது. கூடவே மாத்திரை கொடுக்கிற வேலையும் வந்தது. நானும் வாசலில் நின்று முகம் பார்த்தேன். ஒன்பது வருஷம் கொடுத்தேன். என்னிடம் வாங்கிப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவனைப் பற்றிப் பின்னால் சொல்லப் போகிறேன்.

ஒருநாள் செருப்பு காலில் ஏறவில்லை. முகம் ஊதியிருந்தது. உங்கள் அம்மா சரோஜா இழுத்துக்கொண்டு போய்ச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் நிறுத்தினாள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று டாக்டர் கேட்டார்.

"வலி மாத்திரதான் சார். டெய்லி ஒண்ணு. சில நாள் ரெண்டு."

"எத்தனை நாளா?"

"இருவது வருசத்துக்கு மேல இருக்கும் சார்."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். பிரஷரைப் பாக்காம விட்டிருக்கீங்க. தண்ணி குடிக்காம வெந்திருக்கீங்க. எல்லாம் சேர்ந்துதான்" என்றார்.

டயாலிசிஸ் தொடங்கியது. வாரத்தில் மூன்று நாள் ரயிலில் சென்னை. அப்போதுதான் தாகம் என்றால் என்னவென்று தெரிந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உங்கள் அம்மா ஒரு சின்ன பாட்டிலில் அளந்து வைப்பாள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். பானையைப் பார்த்துக்கொண்டே குடிக்காமல் நின்றவனுக்கு இப்போது கனவில் எல்லாம் தண்ணீர். நம் ஊர் ஆரம்பாக்கத்தில் வயலுக்குப் பாய்கிற மோட்டார் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

ஆஸ்பத்திரியில் மாற்று சிகிச்சைக்கு ஏற்பாடு செய்கிற அம்மா ஒருவர் இருந்தார். கோ-ஆர்டினேட்டர் அம்மா என்போம். உங்கள் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவரிடம் போய்ப் பேசி, ரத்தம் கொடுத்து, பரிசோதனை சீட்டோடு வந்து நின்றாள்.

"உன்து என்து ஒரே குரூப்பு. நான் குடுக்கப் போறேன்."

"வேணாம், சரோஜா."

"தோ பாரு. ஊட்ல யாருக்கு எவ்ளோ சோறு போடணும்னு நாந்தானே முடிவு பண்றேன்? இதையும் நானே பண்றேன். நீ கம்முனு கெட."

அதற்கப்புறம் இரண்டு மாதம் பரிசோதனைகள். ரேஷன் கார்டு, ஓட்டு அட்டை, கல்யாண போட்டோ எல்லாம் கேட்டார்கள். பணத்துக்காக யாரையாவது மனைவி என்று கூட்டி வந்துவிடக் கூடாது இல்லையா? எங்களிடம் இருந்தது ஒரே போட்டோ. அதில் நான் பந்தலுக்கு வெளியே யாரையோ பார்த்துக்கொண்டிருப்பேன்.

அனுமதி கொடுக்கிற குழு ஒரு அறையில் உட்கார்ந்திருந்தது. மேஜைக்குப் பின்னால் நான்கைந்து பேர். பேசுவதைப் பதிவு செய்ய ஒரு கேமரா. ஒருவர் போட்டோவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது நீங்கதானா?"

"அவுருதான் சார். அப்ப தலையில முடி இருந்துச்சு" என்றாள் உங்கள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு என்னை வெளியே போகச் சொன்னார்கள். கொடுக்கிறவரைத் தனியாகத்தான் கேட்பார்களாம். கதவைச் சாத்தினார்கள். நான் நடையில் நின்றேன். எதிர்ச் சுவரில் கடிகாரம். இருபது நிமிஷம் ஆயிற்று. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. கதவு திறந்து அவள் வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வையா வேறா தெரியவில்லை.

"இன்னா கேட்டாங்க?"

"ரேஷன் கார்டு கேட்டாங்க. வா, பசிக்குது. நாஷ்டா துன்னலாம்."

ரேஷன் கார்டு கேட்க இருபது நிமிஷமா? ஆனால் நான் மேலே கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து நான் ஒரு வார்டு, அவள் ஒரு வார்டு. மயக்கம் தெளிந்ததும் அங்கே வேலை செய்கிற ஆயாவிடம் அவள் சொல்லி அனுப்பிய முதல் சேதி, "அவுருக்கு ஒண்ணுக்கு வந்துச்சான்னு கேட்டுகினு வாங்க." வந்துகொண்டே இருந்தது. பை பையாக வந்தது. மூன்றாம் நாள் நர்ஸ் ஒரு ஜக்கு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, இதை முழுசும் குடிக்க வேண்டும் என்றாள். நான் அந்த ஜக்கைப் பார்த்து அழுதேன்.

அதற்குப் பிறகு உலைப் பக்கம் என்னை விடவில்லை. எடை மேடையில் உட்கார வைத்தார்கள். அங்கே இருந்துகொண்டுதான் இந்தப் பிரசாரத்தைத் தொடங்கினேன். ஷிப்டு மாறும் நேரம் பிரஷர் பார்க்கிற மெஷினோடு வாசலில் உட்காருவேன். தண்ணீர் குடி, மாத்திரையைத் தூர எறி, ஒன்றுக்குப் போக மாற்று ஆள் கேள் என்பேன். பையன்கள் சும்மா விடுவார்களா?

"மேஸ்திரி, மாத்திர குடுத்ததும் இதே கைதான். இப்ப புடுங்கறதும் இதே கைதான். இன்னா பேஜாரு!"

"இந்தக் கையைத்தான்டா பாத்துக்கோ" என்று டயாலிசிஸ் ஊசி குத்திப் புடைத்த நரம்பைக் காட்டுவேன். பிரஷர் பார்க்கக் கையை நீட்டுவார்கள்.

பிறகு மற்ற கம்பெனிகளிலும் கூப்பிட்டார்கள். சிறுநீரகம் கெட்டவர்களின் வீடுகளுக்குப் போய், கொடுக்கிறவர்கள் நன்றாக இருப்பார்கள், பயப்படாதீர்கள் என்று பேசினேன். உங்கள் அம்மாவைத்தான் உதாரணம் சொல்வேன். குடம் தூக்குகிறாள், நாற்று நடுகிறாள், என்னைவிட வேகமாக நடக்கிறாள் என்பேன். அவளுக்குப் பிடிக்காது. "என்ன பத்தி மைக்குல பேசாத. தெருவுல நடக்கவே கூச்சமா கீது" என்பாள்.

கொரோனா இரண்டாம் அலையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மாற்று சிறுநீரகம் வைத்தவனுக்கு எதுவும் தொற்றிவிடக் கூடாது என்று என்னை அறைக்குள் வைத்துப் பூட்டினாள். ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தாள். என்னைக் காப்பாற்றிவிட்டாள். அவளுக்கு வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து நின்றபோதும் ஜன்னலுக்கு அப்பால் தள்ளி நின்றுதான் பேசினாள். "எட்டு மணி மாத்திரைய மறந்துடாத." அதுதான் கடைசி.

ஒற்றைச் சிறுநீரகம், அதனால்தான் போய்விட்டாள் என்று ஊரில் பேசினார்கள். டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவள் நுரையீரல்தான் போனது, சிறுநீரகம் கடைசிவரை வேலை செய்தது என்றார். பக்கத்துப் படுக்கைகளில் இரண்டும் இருந்தவர்களும்தான் போனார்கள். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன். உண்மை அதுதான்.

இப்போது அந்த ஒருவனைப் பற்றி. பெயரை மாற்றி வேலு என்று வைத்துக்கொள்வோம். என் ஷிப்டில் குறடு பிடித்தவன். என் கையால் மாத்திரை வாங்கியவன். உங்கள் அம்மா போன பிறகு, முப்பத்தைந்து வயதில் அவனுக்கும் இரண்டும் போய்விட்டது. அவன் அம்மாவுக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. மனைவிக்கு ரத்தம் சேரவில்லை. கல்யாணமாகித் திருவாலங்காடு பக்கம் போன அக்கா ஒருத்தி இருந்தாள். அவன் அம்மா என்னிடம் வந்தாள்.

"அவகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பா."

போனேன். ஒரு மணி நேரம் பேசினேன். உங்கள் அம்மாவைப் பற்றி அன்றைக்குப் பேசிய மாதிரி நான் எங்கேயும் பேசியதில்லை. சோறு போடுகிறவளே முடிவு செய்தாள் என்று சொன்னேன். அந்தப் பெண் முறத்தில் அரிசியைப் புடைத்தபடியே கேட்டாள். கடைசியில் "சரிண்ணே" என்றாள். அவள் புருஷனும் கையெழுத்துப் போட்டான். வேலுவின் அம்மா என் காலில் விழுந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வேலுவுக்குக் கொடுத்த மாத்திரைக்கெல்லாம் ஈடு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ரயிலேறினேன்.

குழு கூப்பிட்ட அன்று நானும் போனேன். அதே நடை. வேலுவும் அவன் அம்மாவும் ஏதோ சீட்டு வாங்கப் போயிருந்தார்கள். பெஞ்சில் நானும் அந்தப் பெண்ணும் மட்டும். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, உங்க சம்சாரம் உள்ள போய் இன்னா சொன்னாங்க?"

ஊர் ஊராகச் சரோஜாவைப் பற்றிப் பேசினவன் நான். அந்த இருபது நிமிஷம் எனக்குத் தெரியாது.

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "எனக்குப் பயமா கீதுண்ணே. ராத்திரில தூக்கமே வர்றதில்ல. எனக்கு ரெண்டு பொட்டப் பசங்க. வேணாம்னு சொன்னா எங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்? நீங்க வேற அவ்ளோ தூரம் வந்து பேசினீங்க."

உலைக்கு எதிரே நின்றபோதுகூட எனக்கு அப்படிச் சுட்டதில்லை. அவளைச் சம்மதிக்க வைத்தது ஆசை இல்லை. நான்தான்.

நேராகக் கோ-ஆர்டினேட்டர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இதுக்குத்தாங்க கதவைச் சாத்தறோம். அவங்க உள்ள வந்து என்ன சொன்னாலும் அது வெளியே போகாது. மனசில்லன்னா, பொருந்தலைன்னு மட்டும்தான் வீட்டுக்குச் சொல்லுவோம். காரணத்தை யாரும் கேக்கக் கூடாது. நீங்களும்தான்."

அந்தப் பெண் உள்ளே போனாள். நான் நிற்காமல் வந்துவிட்டேன். மறுவாரம் வேலு போன் செய்தான். "அக்காவுது பொருந்தலையாம் மேஸ்திரி. அவ பாவம், அழுவறா. என் நேரம், அவ இன்னா பண்ணுவா?"

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் அவன் பெயரைப் பதிந்தார்கள். பட்டியல் நகரவில்லை. போன மழைக்காலத்தில் வேலு போய்விட்டான்.

சாவு வீட்டில் அவன் அம்மா மகளைக் கட்டிக்கொண்டு, "உன் ஒடம்பு ஒத்துக்கலனா நீ இன்னாடி பண்ணுவ" என்று தேற்றிக்கொண்டிருந்தாள். அம்மாவின் தோளுக்கு மேலாக அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் செய்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. கோ-ஆர்டினேட்டரிடம் போகாமல் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் இருந்திருப்பான் என்று ஒரு நாள் தோன்றும். என் ஒரு மணி நேரப் பேச்சு அவள் வயிற்றைக் கிழித்திருக்குமே என்று மறுநாள் தோன்றும். அவள் தன் அம்மா வீட்டுக்கு இன்னமும் வந்து போகிறாள். அது ஒன்றைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து உங்கள் அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று தவிக்கிறேன். அவளோடு ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து, பொன்னேரி தாண்டுவதற்குள் கேட்டுவிட வேண்டும். உள்ளே என்ன சொன்னாய் சரோஜா? பயமாக இருந்ததா? யாராவது உன்னிடம் ஒரு மணி நேரம் பேசினார்களா? பேசினார்கள். இப்போது ஞாபகம் வருகிறது. பரிசோதனை நடந்த இரண்டு மாதமும் என் அம்மா நம் வீட்டில் இருந்தாள். தினமும் சரோஜா முன்னால் உட்கார்ந்து, "எம் புள்ள, எம் புள்ள" என்று அழுதாள். நான் பக்கத்து அறையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்லவில்லை.

அவள் பதில் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை. கம்முனு கெட என்று சொன்னாலும் போதும். அந்தக் குரல் கேட்டால் போதும். காலையில் தண்ணீர் குடிக்கும்போது கை தானாக வயிற்றின் வலது பக்கம் போகும். அங்கே லேசாகத் தடிப்பாக இருக்கும். இவ்வளவு பக்கத்தில் இருக்கிறாள், ஒன்றும் கேட்க முடியவில்லை.

இதைவிடக் கஷ்டமான ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அவள் கொடுக்கிறேன் என்று வந்து நின்றபோது வேண்டாம் என்று சொன்னேன் என்று எழுதினேன் இல்லையா? ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். மறுபடி சொல்லவில்லை. சொன்னால் எங்கே சரி, வேண்டாம் என்று விட்டுவிடுவாளோ என்று பயம். எனக்குப் பிழைக்க ஆசையாக இருந்தது. உங்களை வளர்த்துப் பார்க்க ஆசையாக இருந்தது. அதனால் கம்மென்று கிடந்தேன்.

அமுதா, உனக்கு வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பயப்படாதே என்று சொல்லிவிட்டு, என் பிள்ளைக்கு மட்டும் வேறு பேச்சுப் பேச முடியாது. வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். நீ போய் டாக்டர்களிடம் எல்லாம் கேள். மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேசு. இந்த வீட்டிலிருந்து உன்னிடம் பேச யாரும் வர மாட்டார்கள். பாபு, உனக்கும்தான் சொல்கிறேன். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசாதே. அக்காவுக்குப் பதிலாக நான் என்று நீயும் கிளம்பாதே.

கதவைச் சாத்தியதும் உன் மனசில் இருப்பதைச் சொல். பொருந்தவில்லை என்று சீட்டு வந்தால், அப்பாவுக்குத்தான் உள் விஷயம் தெரியுமே என்று நினைத்துக் கூனிக் குறுகாதே. பொருந்தவில்லை என்றுதான் நான் நம்புவேன். சத்தியமாக நம்புவேன். காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு, வாரம் மூன்று நாள் ரயிலேறுவேன். எனக்குப் பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கம்போல வர வேண்டும். என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தாயானால், நான் வேண்டாம் என்பேன். நீ கேட்க மாட்டாய், உங்கள் அம்மா மாதிரி. அப்போது இரண்டாவது தடவையும் சொல்வேன்.